ஓர் இளவரசியும் ஒரு வினாவும்

நுழையும்முன்

உண்மை பேசுதல் நன்று என்பதை அறியாதார் இலர். ஆயினும், உரைக்கும் உண்மை கேட்பவர் நெஞ்சைப் புண்படுத்தும் எனில், அதனை உரைக்கத்தான் வேண்டுமா? மறைத்தால் வஞ்சனை ஆகுமோ? உரைத்தால் கொடுமை ஆகுமோ? 1678ஆம் ஆண்டு பாரிசில் வெளிவந்த ஒரு சிறு புதினம் இவ்வினாவைப் பிரெஞ்சு மக்கள் முன் வைத்தது. மூன்று நூற்றாண்டுகள் கடந்த பின்னரும் அவ்வினா ஓயவில்லை. ‘கிளேவ் இளவரசி’ என்னும் அப்புதினத்தையும், அதனை எழுதிய லா ஃபாயெத் சீமாட்டியையும் இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

அரசவை என்னும் களம்

கதை நிகழும் காலம் 1558, 1559ஆம் ஆண்டுகள். களம், பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஆன்றியின் அரசவை. மன்னரின் துணைவி கேத்தரின் தெ மெதிசி. ஆனால், மன்னரின் உள்ளத்தை ஆண்டவர் தியான் தெ புவாத்தியே என்னும் வேறொரு பெண்மணி. ஸ்காட்லாந்து அரசி மேரி ஸ்டூவர்ட், பட்டத்து இளவரசரின் மனைவியாக அவ்வவையில் இருந்தார். இவர்கள் அனைவரும் வரலாற்றில் வாழ்ந்தவர்கள். இவர்களுக்கு நடுவே தம் கற்பனையில் பிறந்த ஓர் இளம்பெண்ணையும் அவள் தாயையும் ஆசிரியர் உலவவிடுகிறார்.

அவ்வரசவையில் காதல் தனிமனிதரின் செய்தி அன்று. யார் யாரை விரும்புகிறார் என்பதைப் பொறுத்துப் பதவிகள் கைமாறின. திருமணங்கள் குடும்பங்களுக்கிடையே ஏற்படும் உடன்படிக்கைகளாக இருந்தன. ஆதலால் ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைக் கூர்ந்து நோக்கினர். நாணிச் சிவந்த முகமும், தடுமாறிய சொல்லும், வாராது நின்ற ஒருநாள் வருகையும் மாலைக்குள் அவை முழுவதும் பரவிவிடும். புறந்தோற்றத்தைக் கொண்டு எதனையும் முடிவு செய்தல் கூடாது என்றும், அங்கே தோன்றுவது ஒன்று, உண்மை வேறு என்றும் கதைத்தலைவியின் தாய் அவளை எச்சரிக்கிறாள். உள்ளத்தை மறைக்கத் தெரிந்தவர்களே நிலைபெறும் அவ்விடத்திற்கு, மறைக்கக் கற்றிராத ஒரு பெண் வந்து சேர்கிறாள்.

தாய் கற்பித்த பாடம்

ஷார்த்ர் குடும்பத்தில் பிறந்த அப்பெண்ணுக்குப் பதினாறு வயது. இளமையிலேயே தந்தையை இழந்த அவளைத் தாய் தன்னந்தனியாக வளர்த்தாள். அக்காலத் தாய்மார் பலர், காதலைப் பற்றிப் பேசாதிருந்தாலே பெண்கள் அதனை நாடமாட்டார்கள் என எண்ணினர். இத்தாய் அவ்வாறு எண்ணவில்லை. காதலின் இனிமையை மகளிடம் மறைக்காமல் கூறினாள். அதனால் விளையும் ஏமாற்றத்தையும் துன்பத்தையும் உடன் கூறினாள். எது நேரினும் தன்னிடம் மறையாது சொல்லுமாறு மகளைக் கேட்டுக்கொண்டாள்.

அரசவைக்கு வந்த மறுநாள், அணிகலன்கள் வாங்கும்பொருட்டு இத்தாலிய மணிவணிகர் ஒருவரின் இல்லத்திற்கு அவள் செல்கிறாள். அங்கே அவளைக் கண்ட கிளேவ் இளவரசன், அவள் யார் என்பதை அறியாமலே அவள்மீது காதல் கொள்கிறான். நற்பண்பும் நேர்மையும் வாய்ந்த அவன் அவளை மணக்க வேண்டுகிறான். அவளுக்கு அவன்மீது மதிப்பு உண்டு, காதல் இல்லை. அவனை மணப்பதில் தனக்கு வெறுப்பில்லை என்று அவள் கூறுகிறாள். அதற்குமேல் அவள் உள்ளத்தில் ஒன்றும் இல்லை என்பதை அவனும் உணர்கிறான். மணம் நடக்கிறது. மனைவியின் மதிப்பைப் பெற்றும் அவள் காதலைப் பெறாத கணவனாக அவன் வாழத் தொடங்குகிறான். கதையின் துயரம் இங்கேயே வித்திடப்படுகிறது.

நடனமும் மௌனமும்

மன்னரின் மகள் குளோதுக்கும் லொரேன் கோமகனுக்கும் மணம் உறுதியான நாளில் லூவர் அரண்மனையில் நடன விழா நடக்கிறது. அயல்நாட்டிலிருந்து திரும்பிய நெமூர் கோமகன் காலம் தாழ்ந்து அரங்கினுள் நுழைகிறான். அழகிலும் திறமையிலும் அவனுக்கு நிகர் எவரும் இல்லை என்பது அவையோர் கருத்து. வந்தவனோடு ஆடுமாறு மன்னர் இளவரசிக்கு ஆணையிடுகிறார். இருவரும் ஒருவரையொருவர் அதற்குமுன் கண்டதில்லை. அவர்கள் ஆடும் அழகைக் கண்டு அரங்கெங்கும் பாராட்டு முணுமுணுப்பு எழுகிறது.

ஆடல் முடிந்ததும், ஒருவர் மற்றவர் பெயரை ஊகிக்க முடிகிறதா என்று அவையோர் வினவுகின்றனர். தனக்கு ஐயமில்லை என்கிறான் நெமூர். தன்னால் அவ்வளவு எளிதில் ஊகிக்க இயலாது என்கிறாள் இளவரசி. அவள் ஊகித்துவிட்டாள் என்பதை மேரி ஸ்டூவர்ட் உடனே கண்டுகொண்டு நகைக்கிறார். இளவரசி தன் உள்ளத்தை மறைத்துப் பேசிய முதற்சொல் இதுவே. சிறிய பொய்தான், ஆனால் அதற்குக் காரணமாக இருந்த உணர்வு சிறியதன்று.

அனைத்தையும் தாயிடம் கூறிவந்த மகள் இந்த ஒன்றை மட்டும் கூறவில்லை. தாய் தானாகவே உணர்ந்துகொள்கிறாள். நோயுற்று இறக்கும் தறுவாயில் மகளை அழைத்து, அவள் ஒரு செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் நிற்பதாகவும், அரசவையை விட்டு விலகிச் செல்லும் துணிவு வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறாள். தாய் இறந்தபின் இளவரசி தன் உள்ளத்தோடு தனித்து நிற்கிறாள்.

ஒருநாள் அவள் கண்ணெதிரே நெமூர் அவளது சிற்றோவியம் ஒன்றைக் களவாடுகிறான். அது அவள் கணவனுக்கு உரியது. அவள் அதனைக் காண்கிறாள். பலர் முன்னிலையில் தடுத்தால் அவன் காதல் ஊரறியும். தனிமையில் கேட்டால் அவன் தன் காதலை உரைக்க அவளே வழிவகுத்தவள் ஆவாள். ஆகவே பேசாது நின்றுவிடுகிறாள். அவள் கண்டதையும் பேசாதிருந்ததையும் நெமூர் அறிந்துகொள்கிறான். சில வேளைகளில் மௌனமும் ஒரு விடையாகிவிடும் என்பதற்கு இக்காட்சி சான்று.

கணவனிடம் உரைத்த உண்மை

இந்நிலையில் கணவன் தற்செயலாகக் கூறிய ஒரு சொல் அவள் நெஞ்சில் பதிகிறது. காதலியால் ஏமாற்றப்பட்ட நண்பன் ஒருவனைப் பற்றிப் பேசுகையில் கிளேவ் இளவரசன், தன் மனைவியே வந்து தனக்கு வேறொருவர்மீது விருப்பம் உண்டு எனக் கூறினாலும், தான் வருந்துவானேயன்றிச் சினங்கொள்ள மாட்டான் என்றும், கணவன் என்னும் நிலையை விடுத்து அவளுக்கு ஆறுதலும் அறிவுரையும் கூறுவான் என்றும் சொல்கிறான். நேர்மையை அவன் அத்துணை மதிக்கிறான்.

பின்னர், கூலொம்மியே என்னும் ஊரிலுள்ள தம் மாளிகையில் இளவரசி தங்குகிறாள். அரசவைக்குத் திரும்ப அவள் ஏன் மறுக்கிறாள் எனக் கணவன் மீண்டும் மீண்டும் வினவுகிறான். சாக்குப்போக்குகள் தீர்ந்தபின் அவள் அவன் காலடியில் மண்டியிடுகிறாள். அரசவையிலிருந்து விலகி நிற்கத் தனக்குக் காரணம் உண்டு என்றும், தன் செயலில் குற்றம் ஏதும் இல்லை என்றும், தன் உள்ளத்தைக் காத்துக்கொள்ள அவனே துணைபுரிய வேண்டும் என்றும் கூறுகிறாள். அம்மனிதன் யார் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

கணவன் அவளை எழுப்புகிறான். மனைவி தன்மீது வைத்த நம்பிக்கையை எண்ணிப் பெருமிதம் கொள்கிறான். அதே நொடியில் பொறாமையும் அவனைப் பற்றிக்கொள்கிறது. “யார் அவன்?” என்னும் வினா அவனை விட்டு நீங்கவில்லை. நண்பனுக்கு அறிவுரை கூறியபோது எளிதாகத் தோன்றியது, தனக்கென வந்தபோது தாங்கவொண்ணாததாக மாறுகிறது. மனிதர் தம்மைப் பற்றித் தாமே கொண்டிருக்கும் எண்ணத்திற்கும் தம் உள்ளத்தின் வலிமைக்கும் இடையேயுள்ள தொலைவை ஆசிரியர் இவ்விடத்தில் நுட்பமாக அளந்து காட்டுகிறார்.

தமிழ் அகப்பொருள் மரபில் ‘அறத்தொடு நிற்றல்’ என்பதொன்று உண்டு. தலைவியின் களவுக் காதல் தோழி, செவிலி வழியாகப் படிப்படியே பெற்றோர்க்கு வெளிப்படுத்தப்படுவது அது. அங்கே உரைக்கப்படும் உண்மை, காதலர் மணத்தில் இணைய வழிசெய்கிறது. கிளேவ் இளவரசி உரைக்கும் உண்மையோ, காதலிலிருந்து விலகி மணவாழ்வைக் காக்க முயல்கிறது. நோக்கம் வேறு வேறு எனினும், உள்ளத்தில் இருப்பதைச் சொல்லாக மாற்றுவது எத்துணை அரிய செயல் என்பதை இரண்டும் உணர்த்துகின்றன.

உண்மைக்குக் கொடுத்த விலை

இளவரசி அறியாத செய்தி ஒன்று உண்டு. வேட்டையில் வழிதவறி வந்த நெமூர், அருகில் மறைந்திருந்து அவள் உரைத்தவை அனைத்தையும் கேட்டுவிட்டான். அவன் தீயவன் அல்லன். ஆனால் தன் மகிழ்ச்சியை அடக்கும் ஆற்றல் அவனுக்கு இல்லை. வேறு யாருக்கோ நேர்ந்ததுபோல் அதனை நண்பன் ஒருவனிடம் கூறுகிறான். நண்பன் தான் விரும்பும் பெண்ணிடம் கூற, அவள் மேரி ஸ்டூவர்ட்டிடம் கூற, மேரி ஸ்டூவர்ட் அதனை இளவரசியிடமே சுவையான கதையாகச் சொல்கிறார். தன் வாழ்வின் மறைபொருள் அரசவைப் பேச்சாகத் திரும்பி வந்ததைக் கேட்டு இளவரசி நடுங்குகிறாள்.

அச்செய்தி எவ்வாறு வெளிப்பட்டது? நடந்ததை அறிந்தவர் கணவனும் மனைவியும் மட்டுமே. ஆதலால் கணவனே கூறியிருக்க வேண்டும் என மனைவியும், மனைவியே கூறியிருக்க வேண்டும் எனக் கணவனும் எண்ணுகின்றனர். ஒருவர்மீது ஒருவர் நம்பிக்கை வைத்ததால் உரைக்கப்பட்ட உண்மை, அந்நம்பிக்கையையே குலைத்துவிடுகிறது.

இதனிடையே நாட்டையும் துயரம் சூழ்கிறது. 1559ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், குதிரைமீதமர்ந்து ஈட்டியால் பொருதும் போட்டியில் மன்னர் ஆன்றி பங்கேற்றார். எதிர்த்துப் பொருதியவரின் ஈட்டி முறிந்து அதன் சிம்பு மன்னரின் கண்ணில் பாய்ந்தது. ஜூலை 10ஆம் நாள் அவர் இறந்தார். வரலாற்றில் நிகழ்ந்த இச்செய்தியை ஆசிரியர் கதையோடு பிணைத்துள்ளார். மன்னர் மறைந்ததும் ஒரே நாளில் அரசவையின் அதிகாரம் கைமாறுகிறது. நேற்றுவரை வணங்கப்பட்டவர்கள் இன்று வெளியேறுகின்றனர்.

இளவரசி மீண்டும் கூலொம்மியேக்குச் செல்கிறாள். நெமூர் இரவில் அங்குள்ள தோட்டத்தினுள் நுழைகிறான். சாளரத்தின் வழியே, தனக்குரிய நிறத்தில் அமைந்த நாடாக்களை அவள் ஒரு கைத்தடியில் முடிந்துகொண்டிருப்பதையும், மெத்சு நகர முற்றுகையைக் காட்டும் ஓவியத்தில் தன் உருவத்தை நோக்கியிருப்பதையும் காண்கிறான். அக்கைத்தடியும் முன்னர் அவனுடையதே. இருவரும் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. ஆயினும், நெமூரைக் கண்காணிக்கக் கணவன் அனுப்பியவன், அவன் இரண்டு இரவுகள் தோட்டத்தினுள் புகுந்ததைக் கண்டு வந்து சொல்கிறான். முழு உண்மையைக் கேட்டறியும் பொறுமை கணவனுக்கு இல்லை. துயரம் காய்ச்சலாகி அவனைப் படுக்கையில் வீழ்த்துகிறது. இளவரசி நடந்ததை விளக்கியபோது அவன் உள்ளம் தெளிகிறது. ஆனால் உடல் தேறவில்லை. அவன் இறந்துபடுகிறான்.

இளவரசியின் முடிவு

இனி அவளைத் தடுப்பார் எவரும் இல்லை. மணமாகாத நெமூரும், கணவனை இழந்த இளவரசியும் மணந்துகொள்ள உலக வழக்கில் தடையில்லை. பிற கதைகளாயின் இங்கே மணமுழவு ஒலித்திருக்கும். இப்புதினத்தில் அவ்வாறு நிகழவில்லை.

நெமூரை நேரில் சந்திக்கும் இளவரசி, தான் அவனை விரும்பியதை முதன்முறையாக அவனிடமே ஒப்புக்கொள்கிறாள். ஒப்புக்கொண்டபின் அவனை மணக்க மறுக்கிறாள். அதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, தன் கணவனின் இறப்புக்கு நெமூர் காரணமானான் என்னும் எண்ணம். இரண்டாவது, தன் மனவமைதி. தடை இருந்ததால்தான் அவன் காதல் இத்துணை நாள் நிலைத்தது என்றும், மணந்தபின் அது குறையுமானால் தன்னால் தாங்க இயலாது என்றும் அவள் தெளிவாகக் கூறுகிறாள். பின்னர் அரசவையை விட்டு நீங்கி, பிரனீசு மலைப்பகுதியிலுள்ள தம் நிலங்களை நோக்கிச் செல்கிறாள். அங்கே கடுமையாக நோயுற்றுத் தேறியவள், ஆண்டின் ஒரு பகுதியைத் துறவுமடத்திலும் மறுபகுதியைத் தன் இல்லத்திலும் கழித்து, இளமையிலேயே மறைகிறாள்.

இம்முடிவைச் சிலர் கடமையின் வெற்றி என்பர்; சிலர் அச்சத்தின் விளைவு என்பர்; வேறு சிலர், பிறர் விருப்பத்திற்கே வாழப் பணிக்கப்பட்ட ஒரு பெண் தன் வாழ்வைத் தானே தீர்மானித்த முதல் தருணம் என்பர். ஆசிரியர் எந்தத் தீர்ப்பும் வழங்கவில்லை. அவள் சொன்ன காரணங்களை நம் முன் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

நாடெங்கும் எழுந்த வாதம்

1678ஆம் ஆண்டு மார்ச் மாதம் குளோத் பார்பேன் என்னும் பதிப்பாளர் இந்நூலை நான்கு சிறு தொகுதிகளாக வெளியிட்டார். அதுவரை பிரான்சில் புகழ்பெற்றிருந்த கதைநூல்கள் மிக நீண்டவை. ஸ்குதேரி அம்மையாரின் ‘மாபெரும் சைரசு’ 1649 முதல் 1653 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அந்நூல்களில் கடற்பயணங்களும் கடத்தல்களும் போர்களும் மலிந்திருந்தன. ‘கிளேவ் இளவரசி’யிலோ புறநிகழ்ச்சிகள் சில, அகநிகழ்ச்சிகள் பல. ஒவ்வொரு நிகழ்வுக்குப் பின்னும் இளவரசி தன் அறைக்குள் சென்று, தான் ஏன் அவ்வாறு செய்தாள் எனத் தன்னையே வினவிக்கொள்கிறாள். மனித உள்ளத்தின் இயக்கத்தையே கதையாக்கியதால், உளவியல் புதினத்தின் முன்னோடியாக இந்நூல் கருதப்படுகிறது. தமிழின் முதல் புதினமான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879ஆம் ஆண்டு அச்சில் வந்தது என்பதை எண்ணினால், இந்நூலின் தொன்மை விளங்கும்.

நூல் வெளிவந்ததும் ‘மெர்க்கூர் காலான்’ என்னும் இதழ் தன் வாசகர்களிடம் ஒரு வினாவை விடுத்தது. கணவனை மதிக்கும் ஒரு நற்பண்புடைய பெண், தன் உள்ளத்தில் வேறொருவர்மீது எழுந்த காதலோடு போராடுகையில், அதனைக் கணவனிடம் கூறலாமா, மறைத்தல் நன்றா என்பதே அது. பல ஊர்களிலிருந்தும் விடைகள் குவிந்தன. கூறியது தவறு என்றே பெரும்பாலோர் எழுதினர். உண்மை கூறிக் கணவனை வருத்துவதைவிடத் தானே வருந்துவது மேல் என்பது அவர்கள் வாதம். ஃபோன்தெனெல் என்னும் இளம் எழுத்தாளரோ, தம்மை ஒரு கணித அறிஞர் எனக் குறித்துக்கொண்டு அவ்விதழுக்கு எழுதிய மடலில், இந்நூலை நான்கு முறை படித்ததாகக் கூறிப் பாராட்டினார். வலேங்கூர் என்பவர் இந்நூலின் குறைகளை ஆராய்ந்து ஒரு தனி நூலே எழுதினார். அதற்கு மறுப்பு நூலும் வெளிவந்தது. கதைமாந்தர் ஒருவரின் செயல் சரியா தவறா எனப் பொதுமக்கள் இதழின் வழியே வாதிட்டது இலக்கிய வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சியாகும்.

பெயரை மறைத்த ஆசிரியர்

வியப்புக்குரிய செய்தி யாதெனில், நூலின் முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை என்பதே. உண்மை உரைத்தலைப் பற்றி எழுதியவர் தம் பெயரை உரைக்கவில்லை.

அவரது இயற்பெயர் மரி மதலேன் பியோஷ் தெ லா வெர்ஞ். 1634ஆம் ஆண்டு பாரிசில் பிறந்தார். மெனாழ் என்னும் அறிஞரிடம் இலத்தீனும் இத்தாலிய மொழியும் பயின்றார். 1655ஆம் ஆண்டு லா ஃபாயெத் கோமானை மணந்தார். இரண்டு மைந்தர்களுக்குத் தாயானார். கணவர் ஓவெர்ஞ் பகுதியிலுள்ள நிலங்களைக் கவனித்து அங்கே வாழ, சில ஆண்டுகளுக்குப் பின் இவர் பாரிசுக்குத் திரும்பிவிட்டார். குடும்பத்தின் வழக்குகளைத் தாமே திறம்பட நடத்தினார். மடல் இலக்கியத்தில் புகழ்பெற்ற செவின்யே சீமாட்டியும், ‘முதுமொழிகள்’ எழுதிய லா ரோஷ்ஃபூக்கோவும் இவருடைய நெருங்கிய நண்பர்கள்.

உயர்குடிப் பெண்ணொருவர் கதை எழுதி விற்பது அக்காலத்தில் மதிப்புக்குரியதாகக் கருதப்படவில்லை. 1662ஆம் ஆண்டு வெளிவந்த ‘மோன்பான்சியே இளவரசி’யில் எவர் பெயரும் இல்லை. அடுத்து வந்த ‘சயீத்’, அவருடைய நண்பர் செக்ரேயின் பெயரில் வெளிவந்தது. ‘கிளேவ் இளவரசி’யை எழுதியவர் யார் என்ற பேச்சு எழுந்தபோது, 1678ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு மடலில், தமக்கும் அந்நூலுக்கும் தொடர்பில்லை என அவர் மறுத்தார். அதே மடலில், அரசவை வாழ்வை உள்ளபடியே காட்டும் சிறந்த நூல் அது எனப் பாராட்டவும் செய்தார்! கதை நடப்பது நூற்றிருபது ஆண்டுகளுக்கு முந்திய அவையில் எனினும், பதினான்காம் லூயி மன்னரின் அவையையே அதில் வாசகர்கள் கண்டனர். லா ஃபாயெத் சீமாட்டி 1693ஆம் ஆண்டு இயற்கை எய்தினார்.

மீண்டும் எழுந்த இளவரசி

2006ஆம் ஆண்டில், அன்றைய உள்துறை அமைச்சரும் பின்னாளில் பிரான்சின் குடியரசுத் தலைவருமான நிக்கோலா சார்க்கோசி, அரசுப்பணித் தேர்வில் இந்நூலைப் பற்றி வினா எழுப்புவதை ஏளனம் செய்தார். அலுவலக முகப்பில் பணிபுரியும் ஒருவர் இந்நூலை அறிந்திருப்பதால் பயன் என்ன என்பது அவர் கருத்து. 2009ஆம் ஆண்டு உயர்கல்விச் சீர்திருத்தங்களை எதிர்த்துப் போராடிய ஆசிரியர்களும் மாணவர்களும் பொது இடங்களில் கூடி இந்நூலை வரிசையாக உரக்க வாசித்தனர். நான் கிளேவ் இளவரசியை வாசிக்கிறேன் என்னும் வாசகம் பொறித்த சின்னங்களை அணிந்தனர். நூலின் விற்பனை பெருகியது.

எளிய மக்களுக்கு இத்தகைய நூல் எதற்கு என்ற வினாவுக்கு இன்னும் அழுத்தமான விடை மார்செய் நகரிலிருந்து வந்தது. அந்நகரின் வடபகுதியிலுள்ள திதரோ உயர்நிலைப் பள்ளியில் பயின்ற மாணவர் பலர், வேற்று நாடுகளிலிருந்து பிழைப்புக்காக வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். அவர்கள் இந்நூலைப் பயில்வதை ரெழிஸ் சோதேர் என்னும் இயக்குநர் ஆவணப்படமாக்கினார். ‘நாங்கள், கிளேவ் இளவரசிகள்’ என்னும் அப்படம் 2011ஆம் ஆண்டு வெளிவந்தது.

முந்நூறு ஆண்டுக்கு முற்பட்ட அரசவைமொழி அம்மாணவர்களின் வீட்டுமொழி அன்று. ஆயினும், இளவரசியின் சொற்களை அவர்கள் தம் சொற்களாகவே பேசுகின்றனர். மகளைக் காக்க விழையும் தாயின் எச்சரிக்கையில் தம் தாயின் குரலைக் கேட்கின்றனர். எல்லாரும் எல்லாரையும் உற்றுநோக்கும் அரசவையில் தம் குடியிருப்பைக் காண்கின்றனர். பெற்றோரிடம் எதனைக் கூறுவது, எதனை மறைப்பது என்பது அவர்களுக்கு நாள்தோறும் எழும் வினா. அரண்மனையில் பிறந்த கதை, அரண்மனையைக் கண்டறியாத பிள்ளைகளின் கதையாயிற்று.

ஒரு நூல் யாருக்கு உரியது? அது எந்நாட்டில், எக்குடியில் தோன்றியது என்பது அதன் பிறப்பைக் கூறும், உரிமையைக் கூறாது. படித்துப் பொருள் உணர்ந்து, அதன் வினாவைத் தம் வினாவாக ஏற்போர்க்கே நூல் உரியது. கணவனிடம் இளவரசி உண்மையை உரைத்தது சரியா என்று 1678இல் இதழ் கேட்ட வினாவுக்கு இன்றைய மாணவரும் விடை எழுதலாம்.

சொற்பொருள்

கோமகன் – பெருநிலம் ஆளும் உயர்குடித் தலைவன்
கோமான் – கோமகனுக்கு அடுத்த நிலை உயர்குடியினன்
சிற்றோவியம் – உள்ளங்கையில் அடங்கும் சிறு ஓவியம்
சிம்பு – முறிந்த மரத்தின் கூரிய துண்டு
தறுவாய் – நிகழவிருக்கும் வேளை
புறந்தோற்றம் – வெளியே காணப்படும் தோற்றம்
மறைபொருள் – பிறர் அறியாத செய்தி
முழவு – ஒருவகைத் தோற்கருவி

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. ‘கிளேவ் இளவரசி’ வெளிவந்த ஆண்டு ________.
2. இளவரசி கணவனிடம் உண்மையை உரைத்த ஊர் ________.
3. வாசகர்களிடம் வினா விடுத்த இதழ் ________.
4. ‘சயீத்’ என்னும் நூல் ________ பெயரில் வெளிவந்தது.

ஆ. பிரித்து எழுதுக.
1. மனவமைதி
2. அரசவை
3. இவ்வினா
4. தாங்கவொண்ணாத

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. இளவரசியின் தாய் மகளை வளர்த்த முறை, பிற தாய்மாரின் முறையிலிருந்து எவ்வாறு வேறுபட்டது?
2. சிற்றோவியம் களவுபோனதைக் கண்டும் இளவரசி ஏன் பேசவில்லை?
3. லா ஃபாயெத் சீமாட்டி தம் நூல்களில் பெயர் இடாமைக்குக் காரணம் யாது?

ஈ. ஒரு பத்தி அளவில் விடை தருக.
1. நண்பனைப் பற்றிப் பேசியபோது கிளேவ் இளவரசன் கூறியதற்கும், மனைவி உண்மை உரைத்தபோது அவன் நடந்துகொண்டதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. ‘அறத்தொடு நிற்றல்’ என்பதனை இளவரசியின் செயலோடு ஒப்பிடுக.

உ. ஒரு பக்க அளவில் விடை தருக.
நெமூரை மணக்க மறுத்த இளவரசியின் முடிவு கடமையா, அச்சமா, தன்னுரிமையா? கதை நிகழ்ச்சிகளைச் சான்றாகக் காட்டி உம் கருத்தை எழுதுக.

ஊ. செயல்பாடு
வகுப்பினர் இரு குழுவாகப் பிரிந்து, ‘இளவரசி உண்மை உரைத்தது தக்கதே’, ‘உரையாதிருத்தலே தக்கது’ என்னும் தலைப்புகளில் தமிழில் சொற்போர் நிகழ்த்துக. பின்னர் ‘மெர்க்கூர் காலான்’ இதழுக்கு 1678ஆம் ஆண்டு வாசகர் எழுதுவதுபோல் ஒரு மடல் எழுதுக.